மாமனாரை விற்ற மருமகள்

பெர்லா தன் மாமனாரை விற்றுவிட்ட விஷயம் பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் லாபாஸ் வட்டாரம் முழுக்கத் தெரியும். சந்தையில் மீன் விற்பவர்களுக்குத் தெரியும், மாதா கோயில் பாடகர் குழுவுக்குத் தெரியும், ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். தெரியாத ஆள் ஒருவன்தான். அவள் புருஷன் அர்செனியோ.

நல்லவேளை, விற்றது நிஜ மாமனாரை அல்ல. நிஜமான திர்சோ பால்மாரெஸ் கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. குடும்பம் மொத்தமும் செல்போனில் ஒரு கூடைப்பந்து விளையாட்டு ஆடுகிறது. அதில் பந்தை நாம் தொடுவதே இல்லை. ஆளுக்கு ஓர் அணி. வீரர்களைச் சேர்ப்பதும் கழிப்பதும், எப்படி ஆட வேண்டும் என்று உத்தரவு போடுவதும் மேலாளர் வேலை. ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பது நம் வேலை.

அந்த விளையாட்டில் ஒரே ஒரு வீரனுக்கு மட்டும் நம் இஷ்டப்படி பெயர் வைக்கலாம். அர்செனியோ தன் சென்டர் ஆட்டக்காரனுக்கு அப்பாவின் பெயரை வைத்தான். "நான் வைக்கிறேனே" என்று தம்பி டிண்டோ கெஞ்சிப் பார்த்தான். "மூத்தவன் நான்" என்ற ஒரே வார்த்தையில் அண்ணன் கதவைச் சாத்திவிட்டான்.

அங்கேயும் வயதாகும். கணினித் திர்சோவுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. ஓட்டம் போச்சு, குதிப்பு போச்சு. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஐந்து பேரில் அவர் இருப்பார். அர்செனியோவின் சுறாக்கள் அணி வரிசையாகக் கடைசி இடத்தில் வந்தது.

கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குக் கிளம்பும்போது அவன் பெர்லாவின் கையில் அணியை ஒப்படைத்துவிட்டுப் போனான். "ஒன்னும் பண்ண வேணாம். செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி அப்பப்போ தொறந்து பாத்துக்கோ, போதும்."

பெர்லா தண்ணி ஊற்றவில்லை. வேரோடு பிடுங்கிவிட்டாள்.

எதிரணிக் குட்டிப் பையன்கள் மாதா கோயில் தூணைச் சுற்றி ஓடுகிற மாதிரி திர்சோவைச் சுற்றி ஓடிக் கூடை போடுவதை ஒரு வாரம் பார்த்தாள். மறுவாரம் அவரை டிண்டோவின் சேவல்கள் அணிக்குக் கொடுத்துவிட்டு, ரோகாஸ் என்ற இடக்கை ஆட்டக்காரனையும், அடுத்த போட்டிப் பருவத்தில் புது வீரர்களை முந்திப் பொறுக்கும் உரிமையான முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டாள். மிச்சமான சம்பளத்தில், யாரும் சீண்டாத குள்ளமான வேகக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்தாள்.

அந்தச் சுறாக்கள்தான் இன்று இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறார்கள். எதிரில் யார் என்று கேட்கிறீர்களா? கொழுந்தன் டிண்டோவின் சேவல்கள்.

*

அன்று சனிக்கிழமை காலை. பெர்லா வானொலி நிலையத்தில் மைக் முன்னால் இருந்தாள். பிறந்தநாள் வாழ்த்து, இறப்புச் செய்தி, காணாமல் போன ஆடு மாடு எல்லாவற்றையும் ஊருக்கு வாசிப்பது அவள்தான். அந்தக் குரல் கேட்காமல் லாபாஸில் யார் வீட்டிலும் காபி கொதிக்காது.

"மோலோ பகுதியிலேருந்து ஒரு கறுப்புப் பன்னி காணாம போயிருக்கு. இடது காதுல வெட்டு இருக்கும். பேரு பிரின்சஸ். கூப்பிட்டா வருமாம்…"

மேஜை மேல் போன் துடித்தது. அர்செனியோ.

'மதியம் தைவான் துறைமுகம். நல்ல சிக்னல் கிடைக்கும். ராத்திரிக்கு முன்னாடியே ஃபைனல் ஆரம்பிச்சிடும்ல? முழுசாப் பாக்கப் போறேன். ஒரே ஒரு ஆசை. தோத்தாலும் பரவாயில்ல, அப்பாவ முதல் அஞ்சு பேருல இறக்கு.'

பெர்லாவின் வாய் அப்படியே நின்றது.

வானொலியில் சத்தமில்லாத நேரம் என்பது வீட்டில் தீப்பிடித்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொறியாளர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார்.

"…வருமாம்" என்றாள் பெர்லா மறுபடியும். "திர்சோ… மன்னிக்கணும், பிரின்சஸ். பிரின்சஸைப் பாத்தவங்க நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்க."

ஊரில் பாதிப் பேர் அந்தக் காலை காபியைச் சட்டையில் துப்பினார்கள்.

*

"அம்மா, நீ தாத்தாவையும் காணோம்னு அறிவிச்சிட்டியாமே?" வீட்டு வாசலிலேயே மகள் ஜெசில் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் படிப்பின் கடைசித் தேர்வுக்குப் படிக்கிறாள். படிப்புக்கு நடுவே சுறாக்களின் புள்ளிவிவரம் மொத்தமும் அவள் தலையில்.

"சிரிக்காத. உங்கப்பன் பாக்கப் போறான்."

"பாக்கட்டுமே. நீ என்ன தப்பு பண்ண? சம்பள வரம்புல பாதிய தாத்தா ஒருத்தரே முழுங்கிக்கிட்டிருந்தாரு."

"அதை அவன்கிட்ட நீ சொல்றியா?"

"நான் எதுக்கு? வித்தது நீதானே."

இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அணியின் பக்கத்தைத் திறந்தார்கள். சோறு ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது.

பெர்லாவின் ஆட்டமுறை எளிமையானது. எதிரணி தன் கூடைக்கு அடியில் பந்தை எடுத்த கணத்திலிருந்தே மேலே விழுந்து மறிக்க வேண்டும். பறித்த பந்தை ஓடிப் போட வேண்டும். கால் சோர்ந்தால் அடுத்தவன் உள்ளே. யாரும் நிற்கக் கூடாது.

"கொஞ்சம் நிதானமா ஆடினா என்னம்மா? சேவல்கள்ல ரெண்டு பேரு பனைமர உசரம். நம்ம பசங்க திணறிட்டா?"

"ரேடியோவுல ஒரு நொடி சும்மா இருந்தா கேக்கிறவன் வேற பக்கம் திருப்பிடுவான். ஆட்டமும் அப்படித்தான். அவங்க யோசிக்கிறதுக்கு நேரமே குடுக்கக் கூடாது."

"அப்போ இன்னைக்குக் காலையில யோசிச்சியே, அது?"

பெர்லா கரண்டியை ஓங்கினாள். ஜெசில் தட்டோடு எழுந்து ஓடினாள்.

ரோகாஸ் முதல் ஐவரில். நான்கு குள்ளர்களும் கூட. உத்தரவைப் பதிந்து முடித்தாள். ஆனால் மனசு பதியவில்லை. 'அப்பாவ இறக்கு' என்கிறான். அப்பா எதிரணியில் இருக்கிறார் என்பதை எந்த வாயால் சொல்வது?

ஒரு வழிதான் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு டிண்டோவின் கோழிக் கடைக்கு நடந்தாள்.

*

புகைக்கு நடுவே டிண்டோ விசிறிக்கொண்டிருந்தான். மூங்கில் குச்சியில் குத்திய கோழித் துண்டுகள் வரிசையாகச் சிவந்துகொண்டிருந்தன.

"அண்ணி வர்றாங்க, உள்ள இருக்கிற பெரியவங்களையெல்லாம் ஒளிச்சு வைங்க!" என்று கத்தினான். "பாத்தா வித்துடுவாங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"வாங்கினது யாரு? விக்கிறவ மட்டும்தான் கெட்டவளா?"

"நான் அனாதையா நின்னவருக்கு வீடு குடுத்தேன், அண்ணி. புண்ணியம்."

பெர்லா போனை நீட்டினாள். டிண்டோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படித்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அண்ணன்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?"

"நீ சொன்னியா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் அவன் எங்கூடச் சரியாப் பேசலையோன்னு நான் வேற பயந்துகிட்டிருந்தேன்."

"அவன் எப்பவும் சரியாப் பேசமாட்டான். டிண்டோ, எனக்காக ஒன்னு பண்ணு. இன்னைக்கு அவரை இறக்கிடு. பருவம் முழுக்க ஒரு ஆட்டம்கூட நீ அவரை ஆட விடல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாங்கிப் பெஞ்சுல உக்கார வைக்கவா வாங்கினே?"

டிண்டோ ஒரு கோழித் துண்டைத் திருப்பிப் போட்டான். திருப்பியதையே மறுபடி திருப்பினான்.

"அண்ணி, அப்பா ஆடி அண்ணன் பாத்திருக்கான். நான் பாத்ததில்ல. எனக்கு வெவரம் தெரியறதுக்குள்ள அவருக்கு முட்டி போச்சு. நான் பாத்த அப்பா பெஞ்சுல உக்காந்துகிட்டு ஆடுறவனையெல்லாம் திட்டுற அப்பா."

"அதுதான் எங்களுக்கும் தெரியும்" என்றாள் பெர்லா. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுலயாவது பாக்கலாம்னுதான் வாங்கினேன். வாங்கின அப்புறம் பயம். இந்த வயசுல அடிபட்டா அதோட ஓய்வுன்னு போட்டுருக்கு. ஒவ்வொரு தடவையும் அவரு பேரை மேல கொண்டு போவேன். அப்புறம் கீழ எறக்கிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். வெறும் எழுத்துன்னு தெரியுது. ஆனா பேரு அதே பேரு, அண்ணி."

பெர்லா ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்போ இன்னைக்கு இறக்கு. இதுதான் கடைசி ஆட்டம். இதுக்கப்புறம் எதுக்குப் பத்திரமா வச்சிருக்கணும்?"

டிண்டோ தலை நிமிர்ந்தான். கண்ணைச் சுருக்கினான்.

"இருங்க. முட்டி போனவரை நான் இறக்கினா ஜெயிக்கப் போறது யாரு?"

"…நான்."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" விசிறியால் கடை முழுவதையும் சாட்சிக்குக் கூப்பிட்டான். "கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பேசிப் பேசி என் தலையில மொளகா அரைக்கப் பாத்தாங்க!"

"சத்தியமா இல்லடா."

"மாதா மேல?"

மாதா பெயரை இழுக்கப் பெர்லா துணியவில்லை. பாசத்தில் கேட்டாளா, தந்திரத்தில் கேட்டாளா? அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும்.

"கோழி எடுத்துக்கிட்டு சாயங்காலம் வந்து சேரு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

*

கூடத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, அதன் மேல் ஆட்டத்தைப் பெரிதாகத் தெரிய வைத்திருந்தாள் ஜெசில். படம் ஒன்றும் கிடையாது. வரி வரியாக எழுத்து வரும், மேலே புள்ளிகள் மாறும். அதைப் பார்க்கத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பாதி நின்றது. டிண்டோ ஒரு மூலையில் போனோடு, பெர்லா எதிர் மூலையில் போனோடு. நடுவே கோழி.

ஜெசிலின் போன் சோற்றுக் குக்கரின் மேல் சாய்ந்திருந்தது. அதில் அர்செனியோவின் முகம். வெயிலில் கறுத்து, பல் மட்டும் பளிச்சென்று.

"எல்லாரும் இருக்கீங்களா? பெர்லா, உன் கை ராசி! நான் இருந்தவரைக்கும் கடைசி எடம். நீ தண்ணி ஊத்தினதுக்கே ஃபைனல்!"

"ஆமா… தண்ணி" என்றாள் பெர்லா.

சுவரில் சுறாக்களின் முதல் ஐவர் வந்தார்கள். அர்செனியோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தான்.

"ரோகாஸ்… இவன் டிண்டோ அணி ஆளாச்சே… இவனுங்கள்லாம் யாரு? அப்பா எங்க?"

கூடத்தில் கோழி மெல்லுகிற சத்தம்கூட நின்றது.

சரி, எப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். பெர்லா மைக் முன்னால் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"செனியோ, நான் அவரை வித்துட்டேன். பருவம் ஆரம்பிச்சவுடனேயே. டிண்டோவுக்கு. உன்கிட்ட மறைச்சது தப்பு. வித்தது தப்பில்ல."

அர்செனியோ அசையவில்லை. கண் இமைக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி.

"அப்பா?" என்றாள் ஜெசில்.

போனில் அதே முகம்.

"கோவமா, சிக்னலா?" என்று டிண்டோ தணிந்த குரலில் கேட்டான்.

"தெரியலையே சித்தப்பா."

ஆட்டம் தொடங்கிவிட்டது. 'சுறாக்கள் பந்தைப் பறித்தார்கள். ரோகாஸ் ஓடுகிறார். கூடை!' ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பெர்லா மட்டும் குக்கர் மேல் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவல்கள் மறுபடி பந்தை இழந்தார்கள். மறுபடி. முதல் கால் பகுதி முடிந்தபோது சுறாக்கள் வெகுதூரம் முன்னால் இருந்தார்கள். அந்த முகம் அப்படியே.

திடீரென்று போன் கரகரத்தது. முகம் அசைந்தது.

"…கேக்குதா? கேக்குதா? யாருக்கு வித்தே?"

"எனக்குத்தான் அண்ணே" என்றான் டிண்டோ, பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற மாதிரி.

"பதிலுக்கு என்ன குடுத்தான்?"

"ரோகாஸும், முதல் சுற்றுத் தேர்வும்" என்றாள் பெர்லா.

அர்செனியோ யோசித்தான். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான்.

"அவ்வளவுதானா? ரெண்டாம் சுற்றுத் தேர்வையும் சேத்துக் கேட்டிருக்கணும் பெர்லா! நம்ம அப்பாவாச்சே! இவ்வளவு மலிவாவா குடுப்பே?"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. பெர்லா கையில் இருந்த கோழி எலும்பைப் போனை நோக்கி எறிந்தாள். அது குக்கரில் பட்டுத் தெறித்தது. கண் ஓரத்தைத் தோளால் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா நீ மறைச்சியே, அதுக்குத் தனியாச் சண்டை இருக்கு" என்றான் அர்செனியோ.

"வை. நேர்ல வந்து போடு."

*

இடைவேளையில் சுறாக்கள் 52, சேவல்கள் 38. இந்த நேரத்தில் மேலாளர்கள் உத்தரவை மாற்றலாம். டிண்டோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய பனைமரங்கள் பந்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே குள்ளர்கள் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"டேய் டிண்டோ" என்றான் அர்செனியோ. "அப்பாவ ஏன் உக்கார வச்சிருக்கே?"

"அவரால ஓட முடியாது அண்ணே. அண்ணியோட பசங்க நாய் தொரத்துற மாதிரி தொரத்துறாங்க."

"அவரு எப்போடா ஓடினாரு? முட்டி நல்லா இருந்தப்பவே ஓட மாட்டாரு. நடுவுல போய் நிப்பாரு. கையைத் தூக்குவாரு. பந்து அவருகிட்ட போகும், அடுத்த நொடியே வேற ஒருத்தன்கிட்ட போயிடும். அவரு பாக்கவே மாட்டாரு. முதுகுல கண்ணு. எதிராளிங்க அவரைச் சுத்தி ஓடி ஓடிச் செத்துப் போவாங்க."

"நெஜமாவா? குதிக்கவே மாட்டாரா?"

"ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. குதிக்கிறவனைப் பாத்தா அவருக்கு எரிச்சல் வரும். 'பூச்சி பிடிக்கிறியா'ன்னு கேப்பாரு."

டிண்டோ போனில் திர்சோவின் பக்கத்தைத் திறந்தான். ஓட்டம், சிவப்பு. குதிப்பு, சிவப்பு. பந்தைக் கடத்தும் திறன், ஆட்டத்தைப் படிக்கும் திறன், இரண்டும் இன்னும் பச்சை. வயது அதைத் தொடவில்லை.

"அழுத்தம் ஏறின குழாய்க்கு என்னடா பண்ணுவோம்? நடுவுல ஒரு வால்வு வைப்போம். அப்பாவ நடு ஆடுகளத்துல நிறுத்து. பந்தை அவருகிட்ட குடுத்து வாங்கச் சொல்லு."

"செனியோ!" என்று அலறினாள் பெர்லா. "நீ யாரு பக்கம்? சுறாக்கள் உன் அணி!"

அர்செனியோ ஒரு கணம் விழித்தான். உண்மையிலேயே மறந்துவிட்டான்.

டிண்டோவின் விரல் திர்சோ பெயரின் மேல் நின்றது. மேலே கொண்டு போனான். இந்த முறை கீழே இறக்கவில்லை.

*

மூன்றாம் கால் பகுதியில் சுவரில் இப்படி வந்தது: 'திர்சோ பால்மாரெஸ் உள்ளே வருகிறார்.'

ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

'சுறாக்கள் மறிக்கிறார்கள். பந்து நடுவில் திர்சோவிடம். திர்சோ பக்கவாட்டில் கொடுக்கிறார். ஆளில்லாத இடத்தில் சேவல்கள். கூடை.'

அடுத்த முறையும் அதுவே. அதற்கடுத்த முறையும். குள்ளர்கள் ஓடினார்கள், பந்து அவர்கள் தலைக்கு மேல் போனது. முன்னிலை கரைந்தது. டிண்டோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்தைப் படிக்கிற முகமாக இல்லை அது. ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கிற முகமாக இருந்தது.

கடைசிக் கால் பகுதிக்கு முன் இன்னொரு இடைவெளி. ஜெசில் அம்மாவிடம் நகர்ந்து வந்து காதோடு சொன்னாள்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. தாக்குதல் முழுக்க தாத்தா பக்கமாத் திருப்பு. ரோகாஸ் அவர் மேலயே போகட்டும். அவரால தடுக்க முடியாது. ரெண்டு நிமிஷத்துல களைச்சிடுவாரு. ஒன்னு, சித்தப்பா வெளிய எடுப்பாரு. இல்லைன்னா…"

"இல்லைன்னா?"

"முட்டி போயிடும். நாம ஜெயிச்சிடலாம்."

அந்த உத்தரவு எங்கே இருக்கிறது என்று பெர்லாவுக்குத் தெரியும். அரையிறுதியில் அதை வைத்துத்தான் ஜெயித்தாள். கடைசி இடத்திலிருந்து தூக்கி, ஒவ்வொரு ஆளாகத் தேடிப் பிடித்து, வாரம் வாரம் கண் எரிய உட்கார்ந்து சேர்த்த அணி. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மூலையில் டிண்டோ, கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல், "அடுத்து போடுங்கடா, சீக்கிரம்" என்று வெறும் சுவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எப்படி ஆடி வந்தோமோ அப்படியே ஆடட்டும்" என்றாள் பெர்லா.

"அம்மா!"

"இது வேகத்துல வந்த அணி. வேகத்துலயே போகட்டும்."

ஜெசில் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

கடைசி நிமிடம் வந்தது. சுறாக்கள் 88, சேவல்கள் 87. பந்து சேவல்களிடம். வரிகள் நிதானமாக வந்தன.

'பந்து நடுவில் திர்சோவிடம்.'

கூடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

'திர்சோ பந்தைக் கொடுக்க ஆள் தேடுகிறார். எல்லோரையும் மறித்துவிட்டார்கள்.'

"சரியான பசங்க! விடாதீங்க!" என்று பெர்லா.

"அப்பா, யாருக்காவது குடுங்க!" என்று டிண்டோ.

'நேரம் முடிகிறது. திர்சோ எறிகிறார்.'

"எறிய மாட்டாரே!" என்று அர்செனியோ. "அவரு எறியவே மாட்டாரே!"

அடுத்த வரி வர எடுத்துக்கொண்ட அத்தனை நேரம் வானொலியில் சத்தமில்லாமல் போயிருந்தால், நிலையத்தை இரண்டு முறை இழுத்து மூடியிருப்பார்கள்.

'கூடை. ஆட்டம் முடிந்தது. சேவல்கள் 89, சுறாக்கள் 88.'

அதன் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. படுக்கை விரிப்பு கீழே விழுந்தது. போனுக்குள் அர்செனியோ சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான். தோற்றது அவனுடைய அணி என்பதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

டிண்டோ மட்டும் கத்தவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"ஆடிட்டாரு, அண்ணி" என்றான். "பாத்துட்டேன்."

பெர்லா அவன் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கை.

"நான் வித்த கெழவர் என்னையே தோக்கடிச்சிட்டாரு. உங்க வம்சத்துக்கே நன்றி கிடையாதுடா!"

சொல்லிவிட்டு அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தானும் சிரித்தாள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை.

*

கூட்டம் கலைந்தது. ஜெசில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். போன் இன்னும் குக்கர் மேலேயே இருந்தது.

"பெர்லா" என்றான் அர்செனியோ. குரல் மாறியிருந்தது. "நல்லா கட்டியிருக்கே அணிய. நான் வந்தாலும் திருப்பிக் கேக்க மாட்டேன். உன்னுது அது."

"கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"துணைப் பயிற்சியாளர் எடம் காலியா இருக்கா?"

"எதுக்கு?"

"தெரிஞ்ச ஆளு ஒருத்தன். எஞ்சின் வேலை தெரியும். வால்வு எங்க வைக்கணும்னு தெரியும். வீட்டுலயே இருப்பான்."

"கடல்ல இருக்கிறவன் எப்படி வீட்டுல…"

போனுக்குள் அவன் அறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அவனை அழைத்தார்கள். "பெர்லா, நான் அப்புறம் எல்லாத்தையும் சொல்றேன்" என்றான். திரை இருண்டது.

பெர்லா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். அவன் ஒப்பந்தம் முடியக் கிறிஸ்துமஸ் தாண்டும். அதற்குமுன் காரணமில்லாமல் யாரையும் கப்பலிலிருந்து இறக்கிவிட மாட்டார்கள்.

"சும்மா கிண்டல் பண்றான்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

ஜெசில் விரிப்பை மார்போடு வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, அப்பா சட்டையைச் சுத்தினப்போ நீ பின்னாடி பாக்கலையா?"

"என்னத்த?"

"அவர் கட்டில் மேல பெட்டி திறந்து கிடந்துச்சு. துணியெல்லாம் மடிச்சு வச்சு. சுவத்துல நம்ம போட்டோகூட இல்ல. எடுத்துட்டாரு."

டிண்டோ மூலையிலிருந்து நிமிர்ந்தான். மூவரும் இருண்ட திரையைப் பார்த்தார்கள்.

"கப்பலை விட்டு எதுக்கு இறங்குறான்?" என்றாள் பெர்லா. சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியாத குரல். லாபாஸ் ஊரே அறிந்த அந்தக் குரலில் அப்படி ஒரு தொனியை ஜெசில் இதற்கு முன் கேட்டதில்லை.